அறுபது லிட்டர் நிலம்

வளர்கிற ஒரு காய்க்கு எவ்வளவு பலம் இருக்கும்? 1874-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வேளாண்மைக் கல்லூரியின் தலைவர் வில்லியம் கிளார்க் இதை அளந்து பார்க்க முனைந்தார். கல்லூரியின் கண்ணாடி வீட்டில் படர்ந்திருந்த பூசணிக் கொடியில் ஒரு காயைத் தேர்ந்தெடுத்தார். அதைச் சுற்றி இரும்புச் சட்டம் பூட்டினார். மேலே ஒரு நெம்புகோலை வைத்து, நாளுக்கு நாள் எடையை ஏற்றிக்கொண்டே போனார். காய் நசுங்கவில்லை. சட்டத்தின் இடைவெளிகளில் பிதுங்கிக்கொண்டு வளர்ந்தது. அக்டோபர் கடைசியில் அது தூக்கி நிறுத்திய எடை 5,000 பவுண்டு. ஏறத்தாழ 2,270 கிலோ.

இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். கிளார்க் இன்னொன்றும் செய்தார். சோதனை முடிந்ததும் மண்ணைக் கழுவி, அந்த ஒற்றைக் கொடியின் வேர்களை எடுத்து அளந்தார். எல்லா வேர்களின் நீளத்தையும் கூட்டினால் 80,000 அடிக்கு மேல் வந்தது. சுமார் 24 கிலோமீட்டர்! காய்க்குள் நீரையும் உப்புச்சத்தையும் ஏற்றி அந்த அழுத்தத்தை உண்டாக்கியது கண்ணில் படாத இந்த வேர்க்கூட்டம்தான்.

மொட்டை மாடியில் பரங்கிக்காய் வளர்க்க விரும்புகிறவருக்கு மிகவும் தேவையான எண் இந்த 24 கிலோமீட்டர். பரங்கி, மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்றெல்லாம் ஊருக்கு ஒரு பெயரில் நாம் அழைக்கும் இந்தக் கொடி, அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தது. மெக்சிகோவின் வாகாகா பகுதியில் உள்ள கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த, மனிதர் வளர்த்த பூசணி இன விதைகளுக்கு வயது சுமார் 10,000 ஆண்டுகள். அத்தனை காலமும் திறந்த நிலத்தில், எல்லைச் சுவர் எதையும் அறியாமல் வேர் விட்டுப் பழகிய செடி இது. அதை ஒரு பைக்குள் வைக்கும்போது, நிலம் கேளாமலே செய்துவந்த வேலைகள் அத்தனையும் நம் கைக்கு வந்து சேர்கின்றன. இடம் தருவது, காற்றோட்டம் தருவது, நீரைச் சேமிப்பது, உணவூட்டுவது, வேரைக் குளிர்ச்சியாக வைப்பது. இவற்றை ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டால், மாடியில் பரங்கி காய்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த காரியமாக இருக்காது.

எவ்வளவு பெரிய பை?

1927-இல் ஜான் வீவர், வில்லியம் புரூனர் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் காய்கறிச் செடிகளின் வேர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். வயலில் செடிக்குப் பக்கத்திலேயே பள்ளம் தோண்டி, வேர்களைப் பொறுமையாக வெளிப்படுத்தி, வரைந்து வைத்த ஆராய்ச்சி அது. பூசணியின் ஆணிவேர் ஆறடி ஆழம் வரை இறங்குவதையும், பக்கவேர்கள் மேல்மண்ணில் அதைவிட வெகு தூரம் ஓடுவதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

அந்தச் செடியைப் பைக்குள் அடைத்தால் என்ன ஆகும்? 2012-இல் ஹென்ட்ரிக் பூர்ட்டர் தலைமையிலான குழு, தொட்டியின் அளவு பற்றி அதுவரை நடந்த 65 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொட்டியின் கொள்ளளவை இரண்டு மடங்காக்கினால் செடியின் மொத்த வளர்ச்சி சராசரியாக 43 விழுக்காடு கூடுகிறது என்று கண்டது. தண்ணீரும் உரமும் குறையாமல் கொடுத்தாலும்கூட வேருக்கு இடம் போதாத செடியில் ஒளிச்சேர்க்கையின் வேகம் தளர்கிறது. வேரின் நெருக்கடியை இலை உணர்ந்துவிடுகிறது.

ஆகவே பரங்கிக்குச் சிறிய பூந்தொட்டி உதவாது. குறைந்தது 50 முதல் 60 லிட்டர் கொள்ளும் பை வேண்டும். அதில் ஒரே ஒரு செடிதான் இருக்கவேண்டும். முளைத்த இரண்டு மூன்று நாற்றுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டிவிட மனம் வராதுதான். ஆனால் இரண்டு செடிகள் அந்தப் பையைப் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டுமே இளைத்துப் போகும். ரகத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் பெரிய காய்களைத் தருவது, வயலுக்கு ஏற்றது. ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையில் காய்க்கும் கோ 2, ஒரு கிலோ அளவில் காய்க்கும் அர்கா சூர்யமுகி போன்றவையே பைக்குப் பொருத்தம்.

பெரிய பை என்றதும் எடையைப் பற்றியும் யோசிக்கவேண்டும். நனைந்த வயல்மண் 60 லிட்டர் ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமை தாங்கும்படி கட்டப்படவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் கணக்கு. மண்பைகளை நடுமாடியில் நெருக்கி அடுக்கினால் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவோம். சுவர்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலே ஓரமாக, இடைவெளி விட்டு வைப்பது நல்லது. பையில் மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைச் சேர்த்தால் எடை நன்றாகக் குறையும். அதைவிட முக்கியமான இன்னொரு காரணத்துக்காகவும் அந்தக் கலவை தேவைப்படுகிறது.

அடியில் தேங்கும் நீர்

பாத்திரம் துடைக்கும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுத்து, படுக்கைவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். நீர் சொட்டி முடியும் வரை காத்திருங்கள். இப்போது அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். நின்றுபோன சொட்டு மறுபடி தொடங்கும். ஸ்பாஞ்சு அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம் கூடியதும் நுண்துளைகளின் பிடியைப் புவியீர்ப்பு வென்றுவிட்டது.

பைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. வயலில் ஊற்றிய நீரைக் கீழுள்ள மண் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். பைக்கு அடியிலோ வெறும் காற்றுதான். நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், வடிகால் துளை திறந்தே இருந்தாலும் அடிப்பகுதியில் ஒரு பட்டை முழுக்க நீரால் நிரம்பிய நிலையிலேயே நிற்கிறது. அதன் தடிமனைத் தீர்மானிப்பது மண்கலவையின் தன்மை. பையின் உயரம் அல்ல. ஒரு கலவையில் அந்தப் பட்டை 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் உயரத் தட்டில் பாதி மண் மூழ்கிக் கிடக்கும். 40 சென்டிமீட்டர் உயரப் பையில் மூழ்குவது எட்டில் ஒரு பங்கு மட்டுமே. உயரமான பை தேவை என்பதற்கு வேரின் நீளத்தைத் தவிர இப்படியொரு காரணமும் உண்டு.

மூழ்கிய மண்ணில் வேருக்கு என்ன குறை? மூச்சு. வேர்களும் சுவாசிக்கின்றன. உப்புச்சத்துகளை உள்ளே இழுக்க ஆற்றல் வேண்டும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீர் நிரம்பிய மண்ணில் வேர் திணறுகிறது, பழுப்பாகிறது, அழுகுகிறது. தண்ணீர் அதிகமாகி வாடும் செடியும் தண்ணீர் இல்லாமல் வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது இதனால்தான். இரண்டிலும் இலைக்கு நீர் போய்ச் சேரவில்லை.

வடிகாலுக்காகப் பையின் அடியில் ஜல்லியோ ஓட்டுத் துண்டுகளோ போடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது எதிர்விளைவையே தரும். நுண்ணிய துளைகள் பிடித்துள்ள நீர், அகன்ற இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள கலவை நிரம்பி வழியும் வரை காத்திருக்கும். ஈரப்பட்டை அப்படியே ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கான இடம்தான் குறையும். துளை அடைபடாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

கலவைக்குச் செம்மண், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் ஏறத்தாழச் சம அளவில் எடுத்துக்கொள்ளலாம். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டே, இடையில் காற்றுக்கும் வழி விடும். ஆனால் பச்சை நார்க்கழிவில் இரண்டு சிக்கல்கள். உப்பு மிகுதி, ஆகவே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசவேண்டும். கார்பன் மிகுதி, நைட்ரஜன் குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்கான நைட்ரஜனைத் தாமே எடுத்துக்கொள்ளும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் கலந்து நார்க்கழிவை முன்கூட்டியே மக்கவைக்கும் முறையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது இந்தப் போட்டியைத் தவிர்க்கத்தான்.

விதையின் முதல் வேலை

பூசணிக் குடும்பத்துச் செடிகளின் வேர், பிடுங்கி நடுவதை விரும்பாது. நேரே பையிலேயே ஊன்றிவிடலாம். விதையைப் படுக்கைவாட்டில் வைப்பது நல்லது. முளைக்கும்போது தண்டும் வேரும் சந்திக்கும் இடத்தில், கீழ்ப்பக்கமாக ஒரு சிறு முளை புடைக்கிறது. அது விதையோட்டின் கீழ்விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வளையும் தண்டு மேல் ஓட்டை நெம்பித் திறக்கிறது. விதையிலைகள் ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வருகின்றன. சார்லஸ் டார்வின் 1880-இல் வெளியிட்ட தாவர அசைவுகள் பற்றிய நூலில் இந்த முளையைப் பற்றி விளக்கியிருக்கிறார்.

கீழ்ப்பக்கம் எது என்று அந்த முளைக்கு எப்படித் தெரியும்? 1998-இல் ஹிதேயுகி தகஹாஷி என்ற ஜப்பானிய அறிவியலாளரின் குழு வெள்ளரி விதைகளை விண்வெளி ஓடத்தில் முளைக்கவைத்தது. எடையற்ற அந்தச் சூழலில் ஒன்றுக்குப் பதில் இரண்டு முளைகள், இரு பக்கமும் ஒவ்வொன்றாகத் தோன்றின. அதாவது இரு பக்கமும் முளை விடும் திறன் செடிக்கு இயல்பாகவே இருக்கிறது. மேல்பக்கத்து முளையைத் தடுப்பது புவியீர்ப்பு. உங்கள் பையில் ஓடு கழன்று விரியும் ஒவ்வொரு நாற்றும் அந்த ஈர்ப்பை அளந்து பார்த்துத்தான் எழுகிறது.

நண்பகல் வாட்டம்

ஐந்தாறு வாரத்தில் கொடி உள்ளங்கையைவிடப் பெரிய இலைகளை விரித்திருக்கும். இப்போது ஒரு காட்சி பலரையும் பதற வைக்கும். காலையில் செழிப்பாக நின்ற இலைகள் நண்பகலில் தொங்கிப்போயிருக்கும். உடனே வாளியோடு ஓடவேண்டியதில்லை.

இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேறும்போது, அந்த இழுவை தண்டு வழியாக வேர் வரை போய் நீரை மேலே கொண்டுவருகிறது. செடி உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பங்கு இப்படிக் காற்றில் கலந்துவிடுகிறது. உச்சி வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். அப்போது இலைகள் தளர்ந்து தொங்கும்; வெயில் படும் பரப்பும் குறையும். மாலையில் தானே நிமிர்ந்தால் செடி நலமாக இருக்கிறது என்று பொருள். காலையிலும் வாடியிருந்தால் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் நீர் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் வேர் திணறுகிறது, நீரை நிறுத்துங்கள்.

மாடிக்கென்றே உள்ள ஒரு தொல்லை சூடு. வயலில் ஓரடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் பகலெல்லாம் அதிகம் மாறாது. வெயில் படும் பையில் பக்கவாட்டிலிருந்தும் கீழே காங்கிரீட்டிலிருந்தும் சூடு ஏறுகிறது. சுவரோரத்து வேர்கள் வெந்துபோகும். கறுப்புப் பையைவிட வெளிப்புறம் வெள்ளையான பை நல்லது. அதைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மேற்குப் பக்கத்தில் சாக்கையோ வேறு தொட்டிகளையோ நிழலாக நிறுத்தலாம். மேல்மண்ணைச் சருகால் மூடலாம். கொடிக்கு வெயில் வேண்டும், பைக்கு வேண்டாம்.

தினமும் ஊற்றும் நீர் பையிலுள்ள நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் அடித்துக்கொண்டு போகும். எனவே உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலை நீர்க்க விடலாம். நைட்ரஜன் மிகுந்தால் கொடி இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும், பூக்கத் தாமதிக்கும். இன்னொன்று: பரங்கி இலையில் நரம்புகளின் சந்திப்பில் வெள்ளி நிறப் புள்ளிகள் தெரிந்தால் மருந்து தேடவேண்டாம். மேல்தோலுக்கு அடியில் இருக்கும் காற்றிடைவெளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் இயல்பான நிறம் அது. விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டிக்கொண்டு வருவதுதான் சாம்பல் நோய்.

இரண்டாவது வேர்

நிலத்தில் ஓடும் பரங்கிக்கொடி, மண்ணைத் தொடும் கணுக்களில் புதிய வேர் விடும். பந்தலில் ஏற்றிவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடுகிறது. மாடியில் அதை நாமே ஏற்படுத்தித் தரலாம். முதல் பைக்கு அருகில் அதே கலவை நிரப்பிய இன்னொரு பையை வைத்து, கொடியின் ஒரு கணுவை அதன் மண்ணில் படியவைத்து, மேலே சிறிது மண் போட்டு ஈரமாக வைத்திருங்கள். சில நாட்களில் அங்கே வேர் பிடிக்கும். தண்டை வெட்டாமலே செடிக்கு இன்னொரு பை நிலம் கிடைத்துவிடுகிறது. பூர்ட்டர் குழுவின் கணக்கை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறு வேலையின் பெருமதிப்பு புரியும்.

கொடி பந்தலைப் பிடித்து ஏற உதவும் பற்றுக்கம்பிகளையும் கவனியுங்கள். இரு முனையும் பிடிபட்ட நிலையில் கம்பி சுருளும்போது ஒரு பாதி வலமாகவும் மறு பாதி இடமாகவும் திருகும். ஒரே திசையில் சுருண்டால் கம்பி முறுக்கேறி அறுந்துவிடும். காற்றில் கொடி ஆடும்போது விட்டுக்கொடுத்து, பிடியை விடாமல் காப்பது இந்த இருதிசைச் சுருள்தான்.

காலை ஆறு முதல் ஒன்பது வரை

முதலில் பூப்பவை எல்லாம் ஆண் பூக்கள். பூத்துப் பூத்து உதிர்வதைக் கண்டு மனம் சோரவேண்டாம். சில நாள் கழித்துப் பெண் பூக்கள் வரும். பூவுக்குக் கீழே சிறு உருண்டையாகச் சூலகம் தெரிந்தால் அது பெண் பூ. எந்தக் கணுவில் எந்தப் பூ என்பதில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு. அது கூடினால் பெண் பூக்கள் கூடும். கடும் வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூக்களின் பக்கம் சாய்க்கும். ஆடிப்பட்டத்திலும் தைப்பட்டத்திலும் விதைக்கும் நம் உழவர்களின் வழக்கம் பூக்கும் பருவத்தைக் கோடையின் உச்சத்திலிருந்து விலக்கி வைக்கிறது.

பூ விடியலில் விரியும். வெயில் ஏற ஏறச் சுருங்கி மூடிக்கொள்ளும். மறுநாள் திறக்காது. பரங்கியின் மகரந்தம் பருமனானது, பிசுபிசுப்பானது. காற்று அதைச் சுமக்காது. தேனீதான் வரவேண்டும். நிலத்தில் அடுக்குத் தேனீயும் கொம்புத் தேனீயும் இந்த வேலையைச் செய்துவிடும். நாலாவது மாடிக்கு, சுற்றிலும் பூக்களே இல்லாத தெருவில், அவை வராமல் போகலாம்.

அப்போது அந்த வேலையும் நம்முடையது. காலை ஆறு முதல் ஒன்பதுக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் சூல்முடியில் தடவுங்கள். சூல்முடி மூன்று மடல்களாக இருக்கும், மூன்றிலும் படவேண்டும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவை. கருவுற்ற விதைகள் விடுக்கும் ஆக்சின் போன்ற ஹார்மோன்களே சதையை வளரச் சொல்கின்றன. ஒரு பக்கம் விதை பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் சதையும் சிறுத்து, காய் கோணலாகும். எதுவுமே பிடிக்காத பிஞ்சு இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி விழும். நோய் என்று நினைத்து மருந்து அடிக்கப்படும் பிஞ்சுகளில் பல, மகரந்தம் கிடைக்காமல் போனவையே.

எத்தனை காய்?

இரண்டு காய் திரண்டதும், அதற்குப் பிறகு சரியாக மகரந்தம் சேர்த்த பிஞ்சுகளும் உதிரத் தொடங்கும். முந்திக்கொண்ட காய்கள் இலைகள் செய்யும் சர்க்கரையைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதோடு, பின்னால் வரும் பிஞ்சுகளைத் தடுக்கும் ஹார்மோன் சமிக்ஞைகளையும் அனுப்புகின்றன. பை அளவுக்கு இலை, இலை அளவுக்குக் காய் என்று செடியே கணக்குப் போடுகிறது. 60 லிட்டர் பையில் இரண்டு, மூன்று நல்ல காய்கள் என்றால் அது குறையல்ல. அந்த வேர்களின் முழு உழைப்பு.

நிலைத்த பிஞ்சைக் காகிதப் பையாலோ மெல்லிய துணியாலோ மூடிவிடுங்கள். பழ ஈ பிஞ்சுத் தோலைத் துளைத்து முட்டை வைப்பதை இந்த மூடி தடுத்துவிடும். பந்தலில் தொங்கும் காய்க்குப் பழைய துணியால் தொட்டில் கட்டலாம். காம்பு காய்ந்து தக்கைபோல் ஆகி, தோலில் நகம் இறங்காத நிலை வந்ததும், இரண்டு அங்குலக் காம்போடு அறுக்கலாம்.

அறுவடை முடிந்ததும் பையைக் கவிழ்த்து, வேர்க்கட்டியைப் பிரித்துப் பாருங்கள். வீவர் வயலில் பள்ளம் தோண்டிப் பார்த்ததை நீங்கள் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அடியில் வேரே இல்லாமல் மண் கறுத்து நாறினால், அடுத்த முறை கலவையில் நார்க்கழிவைக் கூட்டவேண்டும். மேற்குப் பக்க வேர்கள் மட்டும் பழுப்பாக இருந்தால், நிழல் போதவில்லை. சுவரை ஒட்டி வேர்கள் வட்டமிட்டு நெருங்கியிருந்தால், பை சிறியது. எல்லாப் பக்கமும் வெள்ளை வேர்கள் பரவியிருந்தும் காய் குறைந்திருந்தால், காலையில் பூக்களிடம் போக நீங்கள் தாமதித்திருக்கிறீர்கள். வெயிலையும் மழையையும் குறை சொல்வதற்கு முன் இந்த வேரைப் படியுங்கள். அடுத்த பட்டத்தில் எதை மாற்றவேண்டும் என்ற விடை அதில் எழுதியிருக்கும்.